பிரெஞ்சுக் குடும்பத்தோடு எட்டு வாரம்: கிளம்புவதற்கு முன்பும் போன பிறகும்

கேள்வி இதுதான். வேளச்சேரியில் ஐடி வேலை. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் உள்ள அலியான்ஸ் ஃபிரான்ஸேஸ் பிரெஞ்சு மையத்தில் முதல் நிலையான ஏ1 முடித்தாயிற்று. எட்டு வாரம் விடுப்பு கிடைக்கும். பிரான்ஸ் போய் ஒரு குடும்பத்தோடு தங்கிக்கொண்டு அங்கேயே வகுப்புக்கும் போனால் பேச்சு தானாக வந்துவிடுமா? சாப்பாட்டில் சைவம், அதைச் சமாளிக்க முடியுமா?

தானாக வராது. சைவத்தைச் சமாளிக்கலாம். இப்போதே கிளம்புவதைத்தான் தள்ளிப்போடச் சொல்வேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகலில் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள், வீட்டுக்காரர்கள் வேலையில் இருப்பார்கள். குடும்பத்தோடு உட்கார்வது ராத்திரிச் சாப்பாட்டில்தான், அதுவும் ஒரு மணி நேரம். எட்டு வாரத்துக்கு 56 நாள். வெளியே போகிற நாட்களைக் கழித்தால் ஐம்பது மணி நேரம் தேறும். மேசையில் நான்கு பேர் இருந்தால் உங்கள் பங்குக்கு வருவது பன்னிரண்டு மணி நேரப் பேச்சு. கட்டுகிற பணத்துக்குக் கிடைக்கிற சரக்கு இந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான். ஏ1 நிலையில் அது வீணாகும். முதல் இரண்டு நாள் அவர்கள் மெதுவாக, கையைக் காலை ஆட்டிப் பேசுவார்கள். மூன்றாம் நாள் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள், இல்லையென்றால் தங்களுக்குள் பேசிக்கொண்டு உங்களைப் பார்த்து அவ்வப்போது சிரிப்பார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்கள், பாவம்.

அடுத்த நிலையான ஏ2 முடித்துவிட்டுப் போங்கள். ஏ1 முடிக்கப் பொதுவாக 60 முதல் 100 வகுப்பு மணி நேரம், ஏ2 முடியும்போது மொத்தம் 160 முதல் 200, பி1க்கு 360 முதல் 400 என்று அலியான்ஸ் வட்டாரத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக உங்களுக்கு இன்னும் நூறு மணி நேரம் பாக்கி. அதை நுங்கம்பாக்கத்திலேயே ரூபாயில் முடிப்பதுதான் லாபம். ‘நேற்று என்ன செய்தேன், நாளைக்கு என்ன செய்வேன், ஏன் செய்தேன்’ என்று மூன்று வாக்கியம் சொல்ல முடிந்தால் சாப்பாட்டு மேசையில் ஆள் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள்.

பள்ளியில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடத்துக்கு 200 மார்க் இருந்த காலத்தில் பிளஸ் டூ பிரெஞ்சில் 190க்கு மேல் வாங்கியவர்களுக்குச் சென்னையில் பஞ்சமே கிடையாது. வினைத்திரிபு அட்டவணை அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். காது மட்டும் பழகியிருக்காது. நிலை அறியும் தேர்வில் எழுத்தை வைத்துப் பெரிய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, வாய் திறக்க முடியாமல் தவிப்பார்கள். கேட்பதும் பேசுவதும் எந்த நிலையோ அந்த வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் வேறு என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ எப்படி ‘வந்துட்டிருக்கான்’ ஆகிறது என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. பிரெஞ்சிலும் அதே கதைதான். புத்தகத்தில் ‘தெரியாது’ என்பதற்கு ‘ழ ன ஸே பா’. வீட்டில் காதில் விழுவது ‘ஷே பா’. எதிர்மறைக்கு வரும் ‘ன’ பேச்சில் விழுந்துவிடும். ‘இருக்கிறது’ என்கிற ‘இல் யா’ வெறும் ‘யா’ ஆகும். ‘உன்னிடம் உண்டு’ என்கிற ‘துய் ஆ’ சுருங்கி ‘தா’. ‘நாம்’ என்பதற்குப் படித்த ‘நூ’ பேச்சில் அபூர்வம். எல்லாரும் ‘ஓன்’ என்றுதான் சொல்வார்கள். இந்த ஐந்தாறு சுருக்கங்களைச் சென்னையிலேயே காதுக்குப் பழக்கிக்கொண்டு போனால் முதல் வாரத் திகைப்பு பாதியாகக் குறையும். ஆர்எஃப்ஐ வானொலி தினமும் பத்து நிமிடம் எளிய பிரெஞ்சில் செய்தி தருகிறது. எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். அது நல்ல தொடக்கம். ஆனால் அது செய்தித் தமிழ் மாதிரி. பேச்சுக்கு டிவி5மோந்த் தளத்தில் உள்ள இலவசப் பயிற்சிக் காணொளிகளைப் பாருங்கள்.

உச்சரிப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே தமிழ் கைகொடுக்கிறது, ஆங்கிலம் காலை வாருகிறது. பிரெஞ்சு ‘t’ நம்முடைய ‘த’. நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட’ போட்டால் ஊர் தெரிந்துவிடும். ப, த, க மூன்றையும் ஆங்கிலத்தில் காற்றை ஊதிச் சொல்வார்கள். பிரெஞ்சில் ஊதக் கூடாது, தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதுபோல் காய்ந்து வர வேண்டும்.

மூக்கொலிகள்தான் கஷ்டம் என்பார்கள். நமக்குக் கஷ்டமே இல்லை. ‘மரம்’ என்று பேச்சுவழக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடாது. ‘மரோ’ மாதிரி ஆரம்பித்து மூக்கில் போய் முடியும். ‘நல்ல’ என்னும் பொருள்தரும் ‘போன்’ என்ற சொல்லின் உயிர் அதுதான். ‘வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசியில் ‘ன்’ ஒலிக்காது, நெடில் மட்டும் மூக்கில் ஏறும். ‘இல்லாமல்’ என்கிற ‘ஸான்’ அப்படித்தான் முடிகிறது. ‘அவன்’ பேச்சில் ‘அவெ’ போல மூக்கோடு முடியுமே, அது ஒயினைக் குறிக்கும் ‘வேன்’. தமிழில் நாள் முழுக்க இந்த ஒலிகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறோம், எழுத்தில் இல்லாததால் தெரிவதில்லை. பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்ததும் ‘ன்’ என்று நாக்கை மேலே ஒட்டவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையிலேயே தடுக்குகிறவை மூன்று. முதலாவது, ‘ஸ’வின் அதிர்வுள்ள வடிவம், இங்கே ‘ஃஸ’ என்று குறிக்கிறேன். ‘இல்ஃஸோன்’ என்றால் ‘அவர்களிடம் உண்டு’; ‘இல் ஸோன்’ என்றால் ‘அவர்கள் இருக்கிறார்கள்’. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்; முன்னதில் விரல் அதிர வேண்டும். மீனுக்கும் விஷத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதே ஒலிதான். சாப்பாட்டு மேசையில் எப்படிப்பட்ட வித்தியாசம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, புதுச்சேரியில் ‘துய்மா வீதி’ என்று ‘உய்’ போட்டு எழுதுகிறார்களே, அந்த உயிரொலி. ‘இ’ என்று நீட்டிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘உ’வுக்குக் குவித்தால் வரும். மூன்றாவது, தமிழ்ப் புத்தகங்களில் ‘ழ’ போட்டு எழுதும் ஒலி. ‘ழாக்’, ‘ழான்’ என்று அச்சில் பார்த்திருப்பீர்கள். அது வாழைப்பழ ‘ழ’ இல்லை. ‘ஷ’ சொல்லும்போது தொண்டையை அதிரவிட்டால் வரும் ஒலி. ‘ர’வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தொண்டையில் வராமல் நுனிநாக்கில் உருட்டினாலும் எல்லாருக்கும் புரியும்.

இன்னொரு எச்சரிக்கை: குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைக்காதீர்கள். ரொட்டிக்கும் குளியலுக்கும் தமிழில் ஒரே ‘பேன்’தான் வரும். இந்தப் பதிலில் வேறு வழியில்லாமல் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது.

வாக்கிய அமைப்பிலும் ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர்கள் விழுகிறார்கள். ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்ற ஆங்கில அச்சில் ‘ழ ஸ்வி’ என்று ஆரம்பித்தால் தப்பு. பிரெஞ்சில் பசி ‘இருப்பதில்லை’, பசி ‘உண்டு’: ‘ழே ஃபேன்’. வயதும் அப்படியே, எனக்கு இருபத்தைந்து உண்டு. வெயிலில் வந்து உட்கார்ந்து ‘ழ ஸ்வி ஷோ’ என்று சொன்னால் வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பொருள் வேறு. ‘ழே ஷோ’ என்பதே சரி. வயிறு நிறைந்துவிட்டது என்பதை ஆங்கிலத்திலிருந்து நேராகக் கொண்டுவந்து ‘ப்ளென்’ என்று பெண்கள் சொன்னால் சினைமாட்டைக் குறிக்கும் சொல்லாகிவிடும். ‘ழே பியேன் மான்ழே’, நன்றாகச் சாப்பிட்டேன் என்று முடித்துக்கொள்ளுங்கள். ஜாமில் என்ன ‘ப்ரிசர்வேட்டிவ்’ என்று கேட்க நினைத்து ‘ப்ரெஃஸெர்வாதீஃப்’ என்று கேட்டால் ஆணுறை இருக்கிறதா என்று கேட்டதாக அர்த்தம். பதப்படுத்தும் பொருள் ‘கொன்ஸெர்வாத்தர்’.

எண்களில் எழுபதுக்கு மேல் பொறி இருக்கிறது. 78 என்பதை ‘அறுபது-பதினெட்டு’ என்பார்கள், 92 என்பதை ‘நான்கு-இருபது-பன்னிரண்டு’ என்பார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லும் ஊர் அது. ‘ஸ்வஸான்த்’ என்று கேட்டதும் 6 எழுதிவிட்டால் அடுத்து ‘திஃஸ்-யூயித்’ வரும்போது அடிக்க வேண்டிவரும். ஜோடி முழுதும் முடிகிறவரை பேனாவைத் தாளில் வைக்காதீர்கள்.

இனி வீடு. மொழிப் பள்ளி வழியாக ஏற்பாடு செய்வதுதான் முதல்முறை போகிறவர்களுக்கு நல்லது. வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் பள்ளிகளுக்குப் பிரான்ஸ் அரசு தரும் ‘காலித்தே எஃப்எல்இ’ முத்திரை பெற்ற பள்ளியா என்று பாருங்கள். தூர், வீஷி, பெஸான்ஸோன் மாதிரியான நடுத்தர ஊர்களில் நெடுங்காலமாக இந்தப் பள்ளிகள் நடக்கின்றன. தூரில் உள்ளது 1912இல் தொடங்கியது. வீஷியின் காவிலாம் பள்ளி 1964இல். பாரிஸைத் தவிர்க்கச் சொல்வேன். வாடகை அதிகம், வீடு தொலைவு, நீங்கள் தடுமாறினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். வீஷியில் பேக்கரிக்காரருக்கு அந்த அவசரம் இல்லை.

பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதும்போது இதைக் கேளுங்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ‘குடும்பம்’ என்பது பல சமயம் தனியாக வாழும் ஓர் அறுபது வயது அம்மையார். ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம், மொழிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அவருக்கு நேரம் இருக்கிறது, நிதானமாகப் பேசுவார், மேசையில் உங்கள் பங்கு கால்வாசியிலிருந்து பாதியாக ஏறுகிறது. அதே வீட்டில் வேறு மாணவர்கள் எத்தனை பேர்? உங்கள் மொழி பேசுபவரோ, ஆங்கிலத்தில்தான் உங்களோடு பேச முடிந்தவரோ இருந்தால் வேறு வீடு கேளுங்கள். காலையும் இரவும் சாப்பாடு உண்டா? இதை ‘தெமி பான்ஸியோன்’ என்பார்கள். வெறும் அறை வாடகை மலிவு, ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் போய்விடும். ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சின்ன ஊர்களில் எட்டு மணிக்கே நின்றுவிடும்.

ஆகஸ்ட் வேண்டாம். பிரெஞ்சுக் குடும்பங்கள் அப்போது விடுமுறைக்குக் கிளம்பிவிடும், பள்ளியிலும் வெளிநாட்டுக் கூட்டம். மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. எட்டு வாரத்தை நான்கு நான்காக இரண்டு வீட்டில் பிரிப்பதும் யோசிக்கத் தக்கது. ஒரு மாதத்தில் உங்கள் தப்புகள் வீட்டுக்காரர்களுக்குப் பழகிவிடும். நீங்கள் பாதி சொல்லும்போதே புரிந்துகொள்வார்கள். புது வீட்டில் எல்லாவற்றையும் மறுபடி முழு வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும்.

விசா பற்றிச் சுருக்கமாக: எட்டு வாரத்துக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா போதும், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். விண்ணப்பத்தைச் சென்னையிலேயே விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்கலாம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து வாங்குவார்கள். பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்குமிடக் கடிதம் இரண்டிலும் தேதிகள் பொருந்த வேண்டும். வகுப்பு திங்களன்று ஆரம்பம், வீடு ஞாயிறிலிருந்து என்றால் விமான டிக்கெட்டும் அதற்கு ஏற்ப இருக்கட்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். பள்ளி வழியாக இல்லாமல் தெரிந்தவர் வீட்டில் தங்குவதானால், அவர் தன் ஊர் நகராட்சியில் ‘அதெஸ்தாஸியோன் தாக்கெய்’ என்ற சான்றிதழ் வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும்.

வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் போக முடிந்தால் ‘ஓ பேர்’ என்ற வழி இருக்கிறது: 18 முதல் 30 வயது வரை, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு தங்குவது. வேலை வாரம் 25 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, கைச்செலவுக்குப் பணம் தருவார்கள். மொழிக்கு நல்லது, ஓய்வுக்கு நல்லதில்லை.

வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே சண்டை வர வாய்ப்புள்ள இடம் குளியலறை. நம் குளியலறையில் தரையில் தண்ணீர் ஓட ஜாலி இருக்கும். அங்கே பெரும்பாலும் இருக்காது. தொட்டிக்கு வெளியே ஊற்றினால் தண்ணீர் போக வழியில்லாமல் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். திரையைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக் குளியுங்கள், சிந்தியதை உடனே துடையுங்கள். வெந்நீரும் அளவோடுதான். பல வீடுகளில் ஒரு மின்சாரத் தொட்டி ராத்திரி மலிவுக் கட்டண நேரத்தில் தண்ணீரைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். காலையில் நீங்கள் இருபது நிமிடம் நின்றால் உங்களுக்குப் பின்னால் வருபவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். யாரும் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், முகம் மட்டும் மாறும். ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை தனி அறை, அதில் குழாய் இருக்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கையோடு எடுத்துப்போங்கள். குளிர் காலத்தில் வீட்டைச் சூடாக்க 19 டிகிரி என்பதுதான் அங்கே விதி. நமக்கு அது மார்கழி அதிகாலையைவிடக் குளிர். ஹீட்டரைத் திருகாமல் ஸ்வெட்டர் போடுங்கள்.

சைவம் விஷயத்தில் ‘வெழேதாரியேன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மீன் சேர்ந்ததுதான் சைவம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘லார்தோன்’ என்று பன்றிக்கொழுப்புத் துண்டுகளை முட்டை அப்பத்திலும் சாலடிலும் தூவுவார்கள். அதை இறைச்சியாகவே எண்ணாத கையும் உண்டு. சூப்புக்கு மாட்டெலும்புச் சாறு கட்டி போடுவார்கள். ஆகவே சாப்பிடாததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, இறைச்சிச் சாறு இல்லை, முட்டை உண்டா இல்லையா. பள்ளிப் படிவத்திலேயே இதை எழுதுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் அந்த வார மளிகை ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். கூடவே சாப்பிடுவதையும் எழுதுங்கள். பருப்பு, கொண்டைக்கடலை, காய்கறி, பால், தயிர், சோறு, பாஸ்தா. பல பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும். உங்களுக்கு அது ஆகாதென்றால் அதையும் சொல்லியாக வேண்டும். சமையலறையில் நீங்களாகப் போய்த் தாளிக்காதீர்கள். கடுகும் பெருங்காயமும் சோபாத் துணிவரை ஏறும். அனுமதி கேட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு நாள் எல்லாருக்குமாகச் சமைத்தால் அது வேறு கதை.

மேசைக்கு வருவோம். பாத்திரம் உங்களிடம் வருகிறது, “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்கிறார்கள். மகிழ்ச்சியாகத் தலையை ஆட்டி “மெர்சி” என்கிறீர்கள். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடுகிறது. அந்த இடத்தில் வெறும் ‘மெர்சி’ என்றால் ‘போதும்’ என்று பொருள். வேண்டுமென்றால் “வொலோந்தியே” அல்லது “அவெக் ப்ளேஃஸீர்”. நம் தலையாட்டல் வேறு அங்கே யாருக்கும் புரியாது. ஆமாம் என்பதை வாயால் சொல்லுங்கள். ரொட்டியைத் தட்டில் இல்லாமல் மேசைவிரிப்பின் மேலேயே வைப்பார்கள். இரண்டு கையும் மேசைக்கு மேலே தெரிய வேண்டும், மடியில் வைக்கக் கூடாது. எல்லாருக்கும் பரிமாறி முடியும்வரை பொறுங்கள்.

நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லாதது. ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. அங்கே பேரன் பாட்டியை ‘நீ’ என்பான்; கடைக்காரரை, அவர் பையனாகவே இருந்தாலும், ‘வூ’ என்று ‘நீங்கள்’ போட வேண்டும். வீட்டுக்கார அம்மையாரை ‘வூ’, ‘மதாம்’ என்று தொடங்குங்கள். அவராக ‘துய்’க்கு மாறச் சொல்வார், பெயர் சொல்லிக் கூப்பிடவும் சொல்வார். அம்மா வயதுள்ளவரைப் பெயர் சொல்ல நாக்கு எழாது. ‘ஆன்ட்டி’யை அங்கே கொண்டுபோகாதீர்கள், முழிப்பார்.

பேச்சுக்குத் தயாராகப் போங்கள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி, சாப்பாட்டில் சொல்ல ஒரே ஒரு விஷயத்தை மூன்று நிமிட அளவுக்கு ஒத்திகை பாருங்கள். அதில் இல்லாத சொல் ஐந்தை அகராதியில் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் ஒன்று கையில் இருந்தால் பேச்சு சுலபம். சென்னையிலிருந்து எடுத்துப்போக நல்ல சாமான் ஒரு சின்ன பித்தளை ஃபில்டரும் டபராவும். மேல் அடுக்கில் பொடி, அழுத்தும் தட்டு, கொதிக்கும் நீர், பதினைந்து நிமிடக் காத்திருப்பு, பால், ஆற்றல். செய்து காட்டிக்கொண்டே சொல்ல வினைச்சொல் எட்டு வரும், எல்லாம் தினசரி வீட்டில் புழங்கும் வினைகள். பொடியில் சிக்கரி இருக்கிறது என்றால் பேச்சு தானாக நீளும். நெப்போலியன் ஆங்கிலேயச் சரக்கு வராமல் தடுத்தபோது காப்பிக்குப் பதிலாகச் சிக்கரியைப் பரப்பியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். பூ வாங்கிப்போவதென்றால் சாமந்தி மட்டும் வேண்டாம். நமக்குப் பூஜைப் பூ. அங்கே நவம்பர் 1இல் கல்லறைக்கு வைக்கும் பூ.

திருத்தம் கேட்டால்தான் கிடைக்கும். விருந்தாளியின் தப்பைச் சுட்டுவது மரியாதையில்லை என்று விட்டுவிடுவார்கள், எட்டு வாரமும் அதே தப்போடு பேசுவீர்கள். முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆனால் ‘எல்லாத் தப்பையும் திருத்துங்கள்’ என்று கேட்டால் இரண்டு நாளில் இருவருக்கும் சலித்துவிடும். வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள்: இந்த வாரம் கடந்த காலத்தில் எந்தத் துணைவினை, அடுத்த வாரம் ஆண்பால் பெண்பால். அவர்கள் உங்கள் வாக்கியத்தைத் தங்கள் வாயால் சரியாகத் திருப்பிச் சொல்வதும் திருத்தம்தான். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு நகராமல், அந்தச் சரியான வாக்கியத்தை நீங்களும் ஒருமுறை முழுக்கச் சொல்லுங்கள்.

நான்கு பிரெஞ்சுக்காரர்கள் ஒரே நேரத்தில் பேசுவது புரியவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். அது பி2 நிலைக்கு உரிய வேலை. புரியவேண்டியது தனியாக ஒருவர் பேசும் பேச்சு. அது கிடைக்கும் இடங்கள்: காய் நறுக்கும்போது, தட்டுத் துடைக்கும்போது, காரில் முன் சீட்டில். புதன்கிழமை மதியம் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது. ஐந்து வயதுக் குழந்தைக்குப் படக்கதை வாசித்துக் காட்டுங்கள். அது உங்கள் உச்சரிப்பைத் தயவுதாட்சணியம் இல்லாமல் திருத்தும்.

மூன்றாம் வாரம் ஒரு தளர்ச்சி வரும். தலை வலிக்கும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போடத் தோன்றும். கோடையில் அங்கே ராத்திரி எட்டு என்றால் இங்கே பதினொன்றரை. சென்னையில் தூங்கப் போகும் முன் கூப்பிடுவார்கள், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடிக்கும். வகுப்பு முடிந்ததும் அங்கே இரண்டு மணிக்கு, இங்கே ஐந்தரைக்கு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் பாரிஸ் போனால் லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலையிலிருந்து இடியாப்ப மாவு வரை கிடைக்கும். மாதம் ஒருமுறை போனால் மனசுக்கு நல்லது, வாரம் ஒருமுறை போனால் பிரெஞ்சு தேங்கும்.

தளர்ச்சி வேறு, வீடு ஒத்துவராதது வேறு. வாரத்தில் நான்கு நாள் உங்களைத் தனியாக உட்காரவைத்து மைக்ரோவேவ் சாப்பாடு தருகிறார்கள், யாரும் மேசைக்கு வருவதில்லை என்றால் அது ஒப்புக்கொண்ட ஏற்பாடு இல்லை. முதல் வாரமே பள்ளியில் தங்குமிடம் பார்ப்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘சரி, சமாளிப்போம்’ என்று ஐந்தாம் வாரம் வரை பொறுத்தால் மாற்ற நேரம் இருக்காது.

குறிப்பேட்டில் தனிச்சொல் எழுதாமல் காதில் விழுந்த வாக்கியத்தை எழுதுங்கள். நாளைக்குப் பத்து போதும். யார், எப்போது சொன்னார் என்பதையும் பக்கத்தில் போடுங்கள், இல்லையென்றால் பதின்ம வயதுப் பையனின் கொச்சையைப் பள்ளி முதல்வரிடம் சொல்லிவிடுவீர்கள். பெயர்ச்சொல்லை எழுதும்போது, ஆண்பால் பெண்பால் காட்டும் முன்சொல்லாக ‘ல, லா’ போடாமல் ‘ஏன், உய்ன்’ போட்டு எழுதுங்கள். உயிரெழுத்தில் ஆரம்பிக்கும் சொல்லுக்கு முன் ‘ல’வும் ‘லா’வும் சுருங்கி ஒன்றாகிவிடும், பால் மறைந்துவிடும்.

திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் பிரெஞ்சு மொழித்திறன் தேர்வான டெல்ஃப் பி1க்குப் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள்; காது ஈரமாக இருக்கும்போதே எழுதுவது நல்லது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100க்கு 50 வேண்டும். எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. எட்டு வாரத்தில் பேச்சும் கேட்பதும் ஏறியிருக்கும், எழுத்து பின்தங்கியிருக்கும். அந்த ஒரு மாதத்தை எழுத்துக்குக் கொடுங்கள். சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஊர் திரும்பியவுடன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு நன்றி அட்டை அனுப்புங்கள், கையால் எழுதி. அடுத்தது புத்தாண்டு வாழ்த்து. அதை டிசம்பரில் அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். அங்கே ஜனவரி 1க்குப் பிறகுதான் ஆரம்பிப்பார்கள், மாதக் கடைசிவரை அனுப்பலாம்.